கிருமியும் குளிசையும் – 11: ஊசிக்கு முன்பே வந்த நொதியம்

1940 டிசெம்பர் 28ஆம் திகதி ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் அச்சானது. எழுதியவர்கள் எட்வேர்ட் ஏபிரகாம், ஏர்ன்ஸ்ட் செயின் என்ற இருவர். பெனிசிலினைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க ஒக்ஸ்போர்டில் இரவு பகலாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே குழுவைச் சேர்ந்தவர்கள். செயின் பேர்ளினில் பிறந்த யூதர்; ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே நாட்டை விட்டு ஓடி வந்தவர். குடலில் வாழும் ஒரு பற்றீரியாவை அரைத்து, அதன் சாற்றைப் பெனிசிலினோடு கலந்தால் பெனிசிலின் செயலிழந்து போகிறது என்றது கடிதம். சாற்றைச் சூடாக்கினால் அந்தச் சக்தி போய்விடுகிறது. ஆகவே இது ஒரு நொதியம் என்று முடிவுகட்டி, பெனிசிலினேஸ் என்று பெயரும் வைத்தார்கள்.

திகதியைக் கவனியுங்கள். சென்ற பகுதியில் நாம் பார்த்த, இந்தக் குழு பெனிசிலினால் சிகிச்சை செய்த பொலிஸ்காரருக்கு முதல் ஊசி ஏறியது 1941 பெப்ரவரி 12இல். அதாவது பெனிசிலினை அழிக்கும் பொருளை, பெனிசிலினால் நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை செய்து பார்க்கும் முன்பே அந்தக் குழு கண்டுபிடித்துவிட்டது.

மருந்தெதிர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல் ஆற்றிய நோபல் உரையிலிருந்துதான் தொடங்குவார்கள். மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமி பழகிவிடும் என்று அவர் எச்சரித்தது உண்மை. என் கணக்கில் அதைவிட முக்கியமானது இந்தக் கடிதம். பிளெமிங் பேசியது மனிதர் செய்யக்கூடிய தவறைப் பற்றி. ஏபிரகாமும் செயினும் கண்டதோ மனிதர் எந்தத் தவறும் செய்வதற்கு முன்பே அங்கே இருந்த ஒன்றை.

எவ்வளவு காலமாக இருந்தது என்பது அண்மையில்தான் தெளிவானது. கனடாவின் யூக்கன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், பெனிசிலின் வகை மருந்துகளை அழிக்கும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் அதில் இருப்பதை 2011இல் அறிவித்தார்கள். மண்ணில் பூஞ்சணமும் பற்றீரியாவும் ஒன்றையொன்று விரட்டுவதற்கு வேதிப்பொருள்களை உமிழ்ந்துவந்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் அதை முறிக்க நொதியம் செய்துவந்திருக்கிறது. அந்தச் சண்டையில் ஒரு தரப்பின் ஆயுதத்தை எடுத்து நாம் ஊசியில் ஏற்றினோம். மறுதரப்பின் கேடயமும் கூடவே வந்தது.

இந்த நொதியம் செய்வது என்ன? பெனிசிலின் மூலக்கூற்றின் நடுவில் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறு வளையம் இருக்கிறது. பீற்றா லக்டம் வளையம் என்று அதற்குப் பெயர். நான்கு அணுக்களை அவ்வளவு நெருக்கி வளைத்தால் அது விறைப்பாக, எந்நேரமும் தெறிக்கத் தயாராக நிற்கும். மருந்தின் பலம் அந்த விறைப்பில்தான். பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டும் புரதம், வளையத்தைச் சுவருக்கான துண்டு என்று நினைத்துப் பிடிக்கிறது, வளையம் தெறித்துத் திறந்து அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, சுவர் வேலை நின்றுபோகிறது, கலம் வெடிக்கிறது. இப்படி ஒரு வளையம் இருக்கலாம் என்று 1943இல் சொன்னவரும் ஏபிரகாம்தான். இரசாயனத்தில் அன்று கொடிகட்டிப் பறந்த றொபேர்ட் றொபின்சன் அதை ஏற்கவில்லை. 1945இல் டொரத்தி ஹொட்ஜ்கின் எக்ஸ் கதிர்ப் படங்களால் வளையத்தைக் காட்டிய பிறகுதான் வாக்குவாதம் ஓய்ந்தது.

நொதியம் அதே வளையத்தை ஒரு நீர் மூலக்கூற்றின் துணையோடு வெட்டித் திறந்துவிடுகிறது. திறந்த வளையத்தில் விறைப்பில்லை, விறைப்பில்லாத பெனிசிலினால் பயனில்லை. வெட்டிய பின் நொதியம் தேய்வதுமில்லை. மீன் சந்தையில் வெட்டுக்காரரின் கத்தி ஒரு மீனோடு தீர்ந்துபோவதில்லையே, அப்படி. ஒரேயொரு நொதிய மூலக்கூறு செக்கனுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான பெனிசிலின் மூலக்கூறுகளை வெட்டும் வேகம் கொண்டது. அளவைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்த வைத்தியர்கள் தோற்றது இதனால்தான்.

அந்தத் தோல்விக்குக் கணக்கு வைத்தவர் மேரி பார்பர். லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில், புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியை அவர் ஆண்டுதோறும் சோதித்தார். பெனிசிலினுக்கு அடங்காதவை 1946இல் 14 வீதம், 1947இல் 38 வீதம், 1948இல் 59 வீதம். போர் முடிந்து மருந்து பொதுமக்களின் கைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. பார்பர் கண்டது வேறு. நொதியம் செய்யும் ஒரு வகைக் கிருமி முன்பே வாட்டில் இருந்திருக்கிறது. மற்றவற்றை மருந்து கொன்றுபோட, வெறுமையான இடத்தில் இது பரவியிருக்கிறது, கட்டிலுக்குக் கட்டில், கைக்குக் கை. பத்து வருடம் கழித்து அதே வைத்தியசாலையில் பெனிசிலின் பாவனையைக் கட்டுப்படுத்தி, எதிர்ப்புக் கொண்ட கிருமிகளின் விகிதம் இறங்கியதை 1960இல் அவர் வெளியிட்டார். அதாவது இந்த வண்டியைப் பின்னாலும் ஓட்டலாம் என்று அறுபது வருடத்துக்கு முன்பே ஒரு பெண் நிரூபித்துவிட்டார். 1965இல் வீதி விபத்தொன்றில் இறந்தார். பிளெமிங்கின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது பார்பரைத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

நொதியத்துக்கு அகப்படாத மருந்தைத் தேடும் வேட்டை இதற்கிடையில் ஒரு கழிவுநீர்க் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இத்தாலியின் சார்டினியாத் தீவில், கலியாரி நகரக் கழிவு கடலில் விழும் இடத்தில் இளைஞர்கள் குளிப்பார்கள். ஆனாலும் அவர்களிடையே நெருப்புக்காய்ச்சல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையே, ஏன் என்று யோசித்தார் ஜுசெப்பே ப்ரொட்சு. 1945இல் அந்த நீரிலிருந்து ஒரு பூஞ்சணத்தை எடுத்தார். அதன் சாறு கிருமிகளைக் கொன்றது. தன் நாட்டில் யாரும் பொருட்படுத்தாததால் பூஞ்சணத்தை ஒக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அங்கே அதை ஆராய்ந்தவர் மறுபடியும் ஏபிரகாம். கை நியூட்டனோடு சேர்ந்து 1953இல் அதிலிருந்து செபலோஸ்போரின் சி என்ற பொருளைக் கண்டார். அதிலும் பீற்றா லக்டம் வளையம் உண்டு. ஆனால் பெனிசிலினேஸ் அதை வெட்டத் திணறியது. நம் பார்மசித் தட்டுகளில் ‘செப’ என்று தொடங்கும் குளிசைகளெல்லாம் அந்தக் குழாயடியின் வாரிசுகள். தன் காப்புரிமைப் பணத்தை ஏபிரகாம் ஒக்ஸ்போர்டில் ஆய்வுக்கான அறக்கட்டளைகளுக்கே எழுதிவைத்தார்.

இதுவரை கதை ஒரு கிருமி இனத்துக்குள் நடந்தது. 1950களின் ஜப்பானில் அது வேலி தாண்டியது. போருக்குப் பின் அங்கே வயிற்றுளைவு பெருகியது. அதற்குக் காரணமான சிகெல்லா கிருமி ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. அந்த எதிர்ப்பு சிகெல்லாவிலிருந்து குடலில் சும்மா வாழும் ஈ.கோலைக்கும், அங்கிருந்து திரும்பவும் கைமாறுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள். பின்னாளில் பிளாஸ்மிட் என்று நாம் அறிந்த சிறு டிஎன்ஏ வளையங்கள்தான் அந்தச் சுமைகாவிகள். கட்டுரைகள் ஜப்பானிய மொழியில் இருந்ததால் மேற்குலகம் இதை உணரச் சில வருடங்கள் பிடித்தன. 1965இல் லண்டனின் நயோமி டட்டாவும் ஏதென்ஸின் பொலிக்சேனி கொன்டொமிகாலூவும் ஏதென்ஸ் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த ஈ.கோலையில், பெனிசிலினை வெட்டும் நொதியமும் அத்தகைய வளையமொன்றிலேயே பயணிப்பதைக் கண்டார்கள். நோயாளியின் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை வைத்து அதை டிஈஎம் என்று அழைக்கிறார்கள். பதினோரு வருடங்களில், 1976இல், அதே நொதியம் மேகவெட்டைக் கிருமிக்குள்ளும் இருந்தது. இனம் விட்டு இனம் தாவும் ஆற்றலுக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி நம் பக்கத்துக் கடற்கரைக்கு வருவோம்.

நெருப்புக்காய்ச்சலுக்கு 1948வரை மருந்தே இல்லை. அந்த வருடம் மலாயாவில், கோலாலம்பூரில், வேறொரு காய்ச்சலுக்காகக் குளோரம்பெனிக்கோலைப் பரீட்சித்துக்கொண்டிருந்த அமெரிக்க வைத்தியர்களிடம் நெருப்புக்காய்ச்சல்காரரும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எழும்பி நடந்தபோதுதான் மருந்தின் பெருமை தெரிந்தது. கால் நூற்றாண்டு காலம் ஆசியா முழுவதும் நெருப்புக்காய்ச்சல் என்றால் குளோரம்பெனிக்கோல்தான். 1972இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் காய்ச்சல் பரவியது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் சி.கே. ஜயராம் பணிக்கரும் கே.என். விமலாவும் கிருமியை எடுத்துப் பார்த்தார்கள். குளோரம்பெனிக்கோல் எதிர்ப்பு அதில் இருந்தது மட்டுமல்ல, மற்றக் கிருமிகளுக்குக் கைமாற்றக்கூடிய நிலையிலும் இருந்தது. ‘நேச்சர்’ அதை அந்த வருடமே பிரசுரித்தது. அதே 1972இல் உலகின் மறுபக்கம் மெக்சிக்கோவில் ஆயிரக்கணக்கானோர் இதேபோன்ற காய்ச்சலில் படுத்தார்கள்.

இங்கே வேலை செய்த நொதியம் வெட்டும் வகையல்ல. அது குளோரம்பெனிக்கோலின் மேல் அசிற்றைல் என்ற சிறு கூட்டமொன்றை ஒட்டிவிடுகிறது. ஒட்டுப் போட்ட மருந்தால், கிருமி புரதம் செய்யும் இடத்தில் போய் அமர முடியாது. எதிர்ப்பு நொதியங்களில் இப்படி வெட்டுபவை ஒரு கூட்டம், ஒட்டுபவை ஒரு கூட்டம். வெட்டுபவைதான் அதிகம் புகழ்பெற்றவை. ஒட்டுபவை ஆளைக் குறைவாகக் கொல்வதில்லை. பணிக்கரின் பெயர் நம் வைத்திய மாணவர்களுக்குப் புதிதல்ல. தென்னாசியா முழுவதும் படிக்கப்படும் அந்தத் தடித்த நுண்ணுயிரியல் பாடநூலின் இரு ஆசிரியர்களில் இரண்டாமவர் அவர். பாடநூலாகத் தெரிகிற மனிதர், கோழிக்கோட்டில் காய்ச்சல்காரர்களின் இரத்தத்தோடு ஆய்வுகூடத்தில் நின்ற மனிதரும்தான் என்பதை விரிவுரைகளில் யாராவது சொல்கிறார்களா தெரியாது.

1981இல் பிரித்தானியாவின் பீச்சம் கம்பனி வேறொரு உத்தியோடு வந்தது. மருந்தை மாற்றுவதற்குப் பதில் நொதியத்தையே மடக்குவது. தென்னமெரிக்க மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிர் கிளவுலானிக் அமிலம் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கிருமியைப் பெரிதாகக் கொல்வதில்லை. பீற்றா லக்டம் வளையத்தோடு போய் நிற்கும், நொதியம் அதை வெட்டப் போகும், அப்படியே மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் அமொக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கும். இரண்டையும் சேர்த்து விற்றதுதான் ஒக்மென்டின். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இந்தப் பெயரைத் தெரியாத பார்மசி இருக்காது.

நொதியங்களும் சும்மா இருக்கவில்லை. டிஈஎம் நொதியத்தில் ஓரிரண்டு அமினோ அமிலங்கள் மாறினாலே அது புதிய செபலோஸ்போரின்களையும் வெட்டத் தொடங்கும். 1980களில் ஐரோப்பாவில் செபலோஸ்போரின்களை வெட்டும் நொதியங்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. மியூனிக் நகரில் கண்ட ஒன்றுக்கு, செபொடக்சிம் என்ற செபலோஸ்போரினை வெட்டுவதாலும் மியூனிக்கில் கண்டதாலும், சிடிஎக்ஸ்-எம் என்று பெயர். அதன் பூர்வீகம் குளுய்வேரா என்ற அப்பாவிச் சூழல் பற்றீரியா. அந்தக் குடும்பத்தின் பதினைந்தாவது பிள்ளை, 1999இல் புதுடில்லி வைத்தியசாலையொன்றில் எடுத்த கிருமிகளில் இனங்காணப்பட்டு, பத்து வருடங்களுக்குள் உலகின் மிகப் பரவலான நொதியங்களில் ஒன்றாகிவிட்டது. இன்று நம் ஊரில் சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போட்டில் ‘ஈஎஸ்பிஎல்’ என்று அச்சடித்து வருவது பெரும்பாலும் இந்த வகை நொதியங்களைத்தான் குறிக்கும். கிருமி எதிர்த்து நிற்கும் மருந்துகளுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’ எழுத்துகள், கீழே இன்னும் வேலைசெய்யும் மருந்துகளுக்கு ஓரிரண்டு ‘எஸ்’.

அந்த ஓரிரண்டு ‘எஸ்’களில் முதன்மையானவை கார்பபெனெம்கள். 1985இல் வந்த இமிபெனெமில் தொடங்கும் குடும்பம். கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாக ஏற்றும் மருந்து.

2008 ஜனவரியில் சுவீடனில் 59 வயதான ஒருவரின் சிறுநீரில் கார்பபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பற்றீரியா கண்டெடுக்கப்பட்டது. அவர் இந்திய வம்சாவளியினர். சில வாரங்களுக்கு முன் புதுடில்லியில் வைத்தியசாலையில் இருந்தவர். கண்ட நொதியம் நாக அயனைப் பிடித்துக்கொண்டு வெட்டும் வகை. கிளவுலானிக் அமிலம் இதன் முன் செல்லாது. 2009இல் அதற்கு என்டிஎம்-1 என்று பெயரிட்டார்கள். முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி.

2010 ஓகஸ்டில் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்த கட்டுரையின் முதற்பெயர் ஒரு தமிழருடையது: கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளர். சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரித்தானியாவிலிருந்து 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களிலிருந்து 73 கிருமி மாதிரிகளில் என்டிஎம்-1 இருப்பதை அது காட்டியது. பிரித்தானிய நோயாளிகளில் பலர் சத்திரசிகிச்சைக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்வந்தவர்கள்.

டில்லி கொதித்தது. தலைநகரின் பெயரை ஒரு கிருமிக்குச் சூட்டுவதா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்று நாடாளுமன்றம் வரை குரல் எழுந்தது. ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் 2011 ஜனவரியில் பெயர் வைத்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். பெயருக்கான கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கோபம் பெயரோடு நின்றுவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் வந்த அடுத்த ஆய்வில், டில்லித் தெருக்களில் தேங்கிநின்ற 171 நீர் மாதிரிகளில் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும் என்டிஎம்-1 பரம்பரையலகு இருந்தது. நொதியம் வைத்தியசாலைக் கதவைத் தாண்டிக் குடிநீருக்கே வந்துவிட்டது என்ற அந்தச் செய்திக்கு, பெயருக்குக் கிடைத்த ஆரவாரத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. வேலையில் இறங்கியவர்கள் வைத்தியர்கள். 2012 ஓகஸ்டில் அப்துல் கபூர் என்ற தொற்றுநோய் நிபுணரின் முயற்சியில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 மார்ச் முதல், முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சீட்டுக்கு மட்டுமே விற்று, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும், சென்னைக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்குப் போய்வந்த ஒருவரையாவது காட்டலாம். இந்த நொதியங்கள் ஏறிவரும் பாதை அதுதான். 2010இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், வெளிநாடு போய்வந்த 100 பேரின் குடலில் ஈஎஸ்பிஎல் கிருமி தேடினார்கள். 24 பேர் கொண்டுவந்திருந்தார்கள். இந்தியா போன 8 பேரில் 7 பேர். கிருமியைக் கொண்டுவர வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றில்லை. சாப்பாடும் தண்ணீருமே போதும். பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன யாத்திரிகர்களை 2013, 2014இல் போகுமுன்னும் வந்தபின்னும் சோதித்தபோதும் சிடிஎக்ஸ்-எம் நொதியம் தாங்குபவர்களின் தொகை கூடியிருந்தது. இலட்சக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடும்போது இருமலும் வயிற்றோட்டமும் வரும், கையில் குளிசைப் பையும் இருக்கும். கடமையின் குறையல்ல இது. உம்றா முடித்து வந்த உறவினர் ஒருவர் வைத்தியசாலையில் சேர நேர்ந்தால், அண்மைப் பயணத்தை வைத்தியரிடம் சொல்வது மருந்து தெரிவுக்கு உதவும். நம்மில் பலர் அதைச் சொல்வதில்லை.

ஊருக்குள்ளும் பாதைகள் உண்டு. நம் கரையோரம் மணற்பாங்கு, நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழம், வளவுகள் நெருக்கம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தை விடுவதற்குப் பல வீடுகளில் காணியே இல்லை. டில்லியின் தேங்கிய நீரைப் படித்துவிட்டு இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பார்மசியில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

“தம்பி, தொண்ட நோவுது. போன முற தந்த குளிசயில நாலு தாங்க.”

“சரி ராத்தா.”

நுண்ணுயிர்க்கொல்லியை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்பது இலங்கைச் சட்டப்படி கூடாது. ஆனாலும் நோயாளிபோல் நடித்து நாட்டின் பார்மசிகளுக்குப் போய்க் கேட்ட ஆய்வாளர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் சீட்டில்லாமலே கிடைத்தது என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விற்பவரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அரச வைத்தியசாலையின் வரிசை, தனியார் வைத்தியரின் கட்டணம், நாட்கூலிக்காரர் இழக்கும் ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாலு குளிசை. தொண்டை நோவில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவற்றுக்கு அமொக்சிசிலின் எதையும் செய்யாது. குடலில் இருக்கும் ஈ.கோலைக்கு மட்டும் அது செய்யும்: நொதியம் இல்லாதவற்றைக் கொன்று, உள்ளவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். ஹமர்ஸ்மித் வாட்டில் பார்பர் கண்ட அதே கணக்கு.

இலங்கை வைத்தியசாலைகளுக்கு என்டிஎம் வந்துசேர்ந்ததற்கும் எழுத்தில் சாட்சி இருக்கிறது. கொழும்பு ஆய்வாளர்களும் மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், இங்கே கிடைத்த கிளெப்சியெல்லாக்களில் என்டிஎம்-1ஓடு ஒக்சா-181 என்ற இன்னொரு கார்பபெனெம் வெட்டியும் இருந்தது. ஒக்சா-181உம் முதலில் இனங்காணப்பட்டது இந்தியக் கிருமிகளில்தான். 2017 முதல் 2022 வரைக்கான தேசிய மூலோபாயத் திட்டமொன்றை அரசாங்கம் வகுத்தபோது இந்த நொதியங்கள் தீவுக்குள் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நொதியத்தை நம்பியிராமல், தன் சுவர் கட்டும் புரதத்தின் வடிவத்தை மாற்றிப் பெனிசிலினை ஏமாற்றிய கிருமி ஒன்றும் உண்டு. 1960இல் லண்டன் கொலின்டேலில் பற்றிசியா ஜெவன்ஸ் அதைக் கண்டார். அடுத்த பகுதி அதைப் பற்றியது.

(தொடரும்)